படகுக் கணக்கு

பிப்ரவரி 27

விடுப்பு கிடைத்துவிட்டது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் சேர்ந்தாற்போலப் பதினைந்து நாள் இதுதான் முதல் தடவை. மேலதிகாரி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "உடம்பு ஏதும் சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். நான் இல்லாமல் பதிவறை என்ன கதி ஆகும் என்ற கவலை அவருக்கு. எனக்கும்தான்.

திட்டம் இது. நாளை மறுநாள் விடியற்காலைப் படகில் தம்பி இருக்கும் தீவுக்குப் போகிறேன். படகு அங்கே இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் அவன் மனைவியின் துணிமணிகளை மூட்டை கட்டி, அவளையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறேன். ஏழு மாதக் கர்ப்பிணியை, டாக்டர் வாசனையே இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அவன் மழையை அளந்துகொண்டிருக்கிறான். நான் இங்கே எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவேன்?

மார்ச் 1

ஒன்பது மணி நேரப் பயணம். முதல் ஒரு மணி நேரம் கடல் அழகாக இருந்தது. மீதி எட்டு மணி நேரம் வாளிக்குள் தலையை விட்டிருந்ததால் தெரியாது.

இறங்கும்போது ஊரே திரண்டு வந்து நின்றது. ஊர் என்றால் ஐந்து பேர். தம்பி, அவன் மனைவி, கலங்கரை விளக்குக்காரர், தேங்காய்க்காரர், அவர் சம்சாரம். அவ்வளவுதான் மக்கள்தொகை. தண்ணீர் அப்படி ஒரு தெளிவு. இடுப்பளவு ஆழத்தில் நின்று கீழே பார்த்தால் என் கால் விரல் நகத்தில் பாலிஷ் உரிந்திருப்பது தெரிகிறது.

"கிளம்பும்மா, நேரமில்ல" என்றேன். தம்பி மனைவி சிரித்தாள். "முதல்ல உக்காருங்க அண்ணி. முகமெல்லாம் பச்சையா இருக்கு."

வர மாட்டாளாம். இன்னும் இரண்டு படகு இருக்கிறதாம். ஏப்ரல் முதல் தேதிப் படகுக்குத்தான் எட்டு மாதம் முடியுமாம், அதற்குள் தம்பிக்குப் பதிலாக ஆள் அனுப்புகிறோம் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்களாம், இரண்டு பேருமாகச் சேர்ந்து போவார்களாம். ஒற்றைக்காலில் நிற்கிறாள். படகு ஊதியது, போய்விட்டது. நான் மணலில், பெட்டியோடு.

மார்ச் 2

இந்தத் தீவில் பூட்டு என்ற பொருளே கிடையாது. நான் பெட்டியைப் பூட்டுவதை விளக்குக்காரர் பார்த்துவிட்டார். "யாருக்காகம்மா?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மார்ச் 4

தீவைச் சுற்றி நடந்தேன். முக்கால் மணி நேரம், அதுவும் நின்று நின்று. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் பெயர் தெரியாத புதர், அதில் மனிதரைக் கண்டு பயப்படவே தெரியாத வெள்ளைப் பறவைகள். ஒன்று முட்டை மேல் உட்கார்ந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தது, எங்கள் ஆபீஸ் வரவேற்பாளரைப் போல. மணலில் ஆமை ஏறி இறங்கிய தடம். மனிதக் காலடி எங்கேயும் இல்லை, என்னுடையதைத் தவிர. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

தம்பியின் வானிலை நிலையம் இரண்டு அறை. வெளியே வேலி போட்ட புல்தரையில் மழைமானி, காற்றுத் திசை காட்டும் அம்பு, நான்கு கால் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானிகள். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அளந்து, பதிவேட்டில் எழுதி, வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். ஒரு வேளை தவறினாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வருமாம். வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறான். பழைய பதிவேடுகளை மட்டும் தாறுமாறாக அடுக்கி வைத்திருக்கிறான். கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 6

கடலில் குளித்தேன்! நாற்பத்தொன்பது வயதில்!

தேங்காய்க்காரர் சம்சாரம்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "முட்டி வரைக்கும்தான் தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லியே கழுத்து வரை கொண்டுபோய்விட்டார். கரையில் நின்ற அவர் வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் முழுகிடாதீங்க, எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று கத்தினார். இந்த அம்மா தண்ணீருக்குள் இருந்தே பதிலுக்குத் திட்டினார். நாள் முழுக்க இவர்களுக்குள் இதேதான். சண்டை ஓய்ந்தால்தான் விளக்குக்காரர் கவலைப்பட்டு எட்டிப் பார்க்கிறார்.

நீலக்கோடு போட்ட சின்ன மீன்கள் என் முழங்காலை முகர்ந்துவிட்டுப் போயின. சிரித்துச் சிரித்து உப்புத் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 8

தேங்காய்க்காரர் தென்னங்கயிற்றில் இரண்டு தொட்டில் பின்னிவிட்டார். ஏழு மாதத்துக்கு வயிறு இவ்வளவு பெரிதாக இருந்தால் கட்டாயம் இரட்டைதானாம். தம்பி பூரித்துப் போயிருக்கிறான். நான் ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத் தூரம் என்று மறுபடி கணக்குப் போட்டேன்.

மார்ச் 9

இன்று தம்பி மனைவியிடம் கோபமாகவே பேசிவிட்டேன். அவன் இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே, பதினைந்தாம் தேதிப் படகில் என்னோடு வா என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"போன தடவையும் நீங்கதானே அண்ணி இருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, குழந்தை பிறந்து அரை நாள்கூட இருக்கவில்லை. தம்பி அப்போது வேறொரு நிலையத்தில் வேலையில் இருந்தான். வரட்டுமா என்று போனில் கேட்டவனிடம், நான்தான் பெரிய மனுஷியாக, "நான் பாத்துக்கறேன், நீ வேலையை விட்டுட்டு ஓடி வராதே" என்று சொன்னேன். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

"அவரில்லாம இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்" என்றாள் இவள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இவனை வளர்த்தவள் என்பதால் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ள முடியும் என்ற நினைப்பா? எதுக்கு அந்த வாய் எனக்கு? மன்னிச்சிடும்மான்னு சொன்னேன். அவதான் என்னைச் சமாதானப்படுத்தினா. நல்லா இருக்கு லட்சணம்.

மார்ச் 11

வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்து மழை. வெளியே போக முடியவில்லை. சும்மா இருக்க முடியாமல் பழைய பதிவேடுகளைத் தேதி வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். தம்பி கடைசிப் பத்தியில், 'குறிப்பு' என்ற இடத்தில், கண்டதையும் எழுதி வைத்திருக்கிறான். 'படகு வந்தது.' 'ஆமை முட்டையிட்டது.' 'இவளுக்கு இன்றும் வாந்தி.' அக்டோபர் 1 அன்று: 'படகில் நர்ஸ் வந்தார். மூன்று மாதம் முடிந்தது என்றார். மகிழ்ச்சி.' அரசாங்கப் பதிவேட்டில் மகிழ்ச்சி!

சிரித்துக்கொண்டே புரட்டினேன். நவம்பர் 15: 'கடும் புயல். படகு வரவில்லை.' டிசம்பர் 1: 'கடல் கொந்தளிப்பு. படகு வரவில்லை.'

சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தத் தீவில் யாரும் மாதம் என்று சொல்வதே இல்லை. எல்லாம் படகுக் கணக்குதான். அரிசி எத்தனை நாளைக்கு வரும்? மூணு படகு. தேங்காய்க்காரருக்கு இடுப்பு வலி எப்போது வந்தது? ஆறு படகுக்கு முன்னால். இரண்டு படகு சேர்ந்தால் ஒரு மாதம். தம்பியை வயர்லெஸ் அறையிலிருந்து கூப்பிட்டேன்.

"நர்ஸ் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் எத்தனை மாசம் ஆச்சுடா?"

"எட்டு படகு அக்கா. நீ வந்ததோட சேத்து." விரலைக்கூட மடக்கவில்லை. "அப்போ நாலு மாசம். அந்த மூணும் இந்த நாலும் ஏழு."

"வராத படகை யாருடா எண்ணினது?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். முகம் சுண்டிப் போய்விட்டது. அவன் கையெழுத்து. அவனே எழுதியது. ஒரு மில்லிமீட்டர் மழையைத் தவற விடாதவன் ஒரு முழு மாதத்தைக் கோட்டை விட்டிருக்கிறான். நான் வந்த அன்றே எட்டு மாதம் முடிந்தாயிற்று. இரட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. மாதம்தான் கூட.

ஏப்ரல் ஒன்றாம் தேதி வரை காத்திருந்தால் ஒன்பது மாதம் முடிந்திருக்கும். இங்கே. ஐந்து பேர் நடுவில்.

மார்ச் 12

தம்பி வயர்லெஸ்ஸில் பேசினான். மாற்று ஆளை இந்தப் படகில் அனுப்ப வழியே இல்லையாம். ஏப்ரலில் பார்க்கலாமாம். நிலையத்தை ஒரு வேளைகூடப் பூட்டக் கூடாதாம். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீ கூட்டிட்டுப் போக்கா. நான் அவகிட்ட சொல்றேன்."

"அந்தத் தப்பை ஒரு தடவை பண்ணியாச்சு. போதும்" என்றேன்.

நிலையத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விதிமுறைப் புத்தகம் என்றால் எனக்கு அல்வா. நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: அவசர காலத்தில், நிலையம் இருக்கும் இடத்தில் தங்கியிருக்கும், எழுதப் படிக்கத் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் தற்காலிகமாக அளவெடுக்கலாம். தேங்காய்க்காரர் தம்பதிக்கு எழுத்து தெரியாது. விளக்குக்காரர் விடிய விடிய விளக்கைப் பார்த்துவிட்டு, காலை எட்டரைக்குப் பூகம்பம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

"அப்போ யாரு?" என்றான்.

"உன் எதிர்ல உக்காந்திருக்கிறது யாரு, தென்னை மரமா?"

மார்ச் 13

பயிற்சி. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, சுற்றாத வெப்பமானி. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டேன். நான் சொன்ன அளவுப்படி காற்றில் இருக்கும் ஈரத்துக்குத் தீவே தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும் என்றான் தம்பி. சிரித்தான். மூன்று நாளாகச் சிரிக்காதவன்.

மார்ச் 14

மாலை ஐந்தரை மணி அளவை நானே தனியாக எடுத்து, நானே வயர்லெஸ்ஸில் சொன்னேன். எதிர்முனைக்காரர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "புது ஆளா? குரல் தலைமையாசிரியை மாதிரி இருக்கு" என்றார். தம்பியின் ஆபீஸிலும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பக்க எண்ணோடு சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

தம்பி மனைவி இப்போதுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கடல்னா பயம், தனியா இருந்தா பயம், ஆபீஸை விட்டு இருக்க முடியாது. எப்படி அண்ணி?" என்றாள். பேசாம போய்த் தூங்குன்னு அதட்டினேன். வேற என்ன சொல்றது?

மார்ச் 15

போய்விட்டார்கள். படகின் நடுவில் பாய் விரித்து, தலையணை வைத்து, தேங்காய்க்காரர் சம்சாரம் பத்து தடவை சரி பார்த்தார். தம்பி அவள் கையைப் பிடித்து ஏற்றினான். படகுக்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னேன். "மெதுவா ஓட்டினா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம், பரவால்லையா?" என்றார். வேகமாகவே ஓட்டச் சொன்னேன்.

புள்ளியாகிப் போகும் வரை நின்றேன். அப்புறம் மணி பார்த்தேன். அளவெடுக்க இன்னும் இருபது நிமிஷம்தான். ஓடினேன்.

மார்ச் 17

வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு நண்டு. வெப்பமானியைப் படித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 21

ஒரு தொட்டிலில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். தேங்காய்க்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் வெங்காயம் அழுகாமல் இருக்கிறதே என்று அவர் சம்சாரம் என் கட்சி. அதற்கும் ஒரு சண்டை.

தனியாக இருப்பது பயமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். விளக்குக்காரர் மாலையில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் விளக்கேற்றப் போகிறார். நான்கு பேர் இருக்கும் ஊரில் யாரும் யாரையும் தனியாக விடுவதில்லை. எங்கள் தெருவில் நாற்பது வீடு. எதிர்வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

பெட்டியைப் பூட்டி ரொம்ப நாளாகிறது.

மார்ச் 25

மழை இல்லை. காற்று தென்கிழக்கு. செய்தியும் இல்லை. எதிர்முனைக்காரரிடம் தினமும் கேட்கிறேன். "வந்தா சொல்ல மாட்டேனா மேடம்?" என்கிறார். சொல்லுவார். இருந்தாலும் கேட்கிறேன்.

மார்ச் 29

எட்டரை மணி அளவைச் சொல்லி முடித்தேன். எதிர்முனைக்காரர் திருப்பிப் படித்தார். அப்புறம், "இனிமே சொல்றது அளவு இல்ல" என்றார்.

இன்று விடிகாலை நாலே முக்காலுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம், அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். "உங்க தம்பிதான் போன் பண்ணினாரு. பேசவே முடியல அவருக்கு, அழுதுட்டே இருந்தாரு."

நான் ஓடிப் போய்ச் சொன்னேன். தேங்காய்க்காரர் சம்சாரம் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விளக்குக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார், பகல் ஒன்பது மணிக்கு! போய்ப் பட்டப்பகலில் விளக்கை ஏற்றிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 1

பிற்பகல் படகு வந்தது. அரிசி, எண்ணெய், தம்பியின் கடிதம். நான்கே வரி. 'ஆபரேஷன் அறை வாசல் வரைக்கும் அவள் கையை விடவில்லை அக்கா. முதலில் என்னிடம்தான் குழந்தையைக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.' மாற்று ஆள் வரவில்லை.

படகில் வேறு யாரும் இல்லை. நடுப்பலகை காலியாகக் கிடந்தது. இந்தப் படகுக்குத்தான் காத்திருந்திருப்பார்கள். மூன்று நாள் முன்பு விடிகாலை நாலே முக்காலுக்கு இந்த மணலில்— வேண்டாம், எழுத வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தேங்காய்க்காரர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்லபடியா பொறந்தாச்சுல்ல தங்கச்சி, இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

"ஏறலையா மேடம்?" என்று படகுக்காரர் கேட்டார். ஐந்தரைக்கு அளவெடுக்க வேண்டும் என்றேன்.

அவரிடம் மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தனுப்பினேன். இரண்டாவது விடுப்பு நீட்டிப்பு; முதலாவது போன படகில் தம்பி கையில் போனது. காரணம் என்ற இடத்தில் முதலில் 'குடும்ப அவசரம்' என்று எழுதினேன். என் கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இருந்து யாரும் பார்த்ததில்லை. அதை அடித்துவிட்டு, 'அத்தை ஆகியிருக்கிறேன்' என்று எழுதினேன்.