விருப்பத்தோடு போனவர்கள்

நஜ்மா, தோஹா
ஆவணி 9

என் அன்பு அக்காவுக்கு, தம்பி பத்மநாதன் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டுமென்று நினைத்தபடியே எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் கஜானி லீவில் ஊருக்கு வருகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் தொடங்கினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம்.

எங்கள் மனேஜர் தோர்ன்பி சேர் ஒரு புத்தகம் எழுதுகிறார். வெள்ளிக்கிழமைகளில் நான் டைப் செய்து கொடுக்கிறேன். அவருடைய மூதாதை கப்டன் தோர்ன்பி, இருநூற்று முப்பது வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து படையோடு இலங்கைக்கு வந்தவர். சண்டை முடிந்ததும் வன்னியில் வரி வாங்கும் அதிகாரியாகத் தங்கிவிட்டார். பாதை போட்டிருக்கிறார், குளம் திருத்தியிருக்கிறார். அதையெல்லாம் சந்தோஷமாகத்தான் டைப் செய்தேன்.

போன வெள்ளி வந்த பக்கத்தில் நாவலடிக்கேணி இருந்தது. நம்முடைய ஊரேதான், அக்கா. தென்னைக்கு வரி கேட்டிருக்கிறார்கள், சனம் மறுத்திருக்கிறது. "நூற்று நாற்பத்திரண்டு பேர் தங்கள் விருப்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்கள். முறைப்பாடு எதுவுமில்லை" என்று கப்டன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். அதே கிழமை தன் தாய்க்கு எழுதிய கடிதமும் சேர் தந்த பழைய தாள்களுக்குள் இருந்தது. "ஆண்களைக் கயிற்றால் கட்டிக் கப்பலேற்றினேன், கப்பல் எங்கே போனதென்று எனக்கே தெரியாது, பெண்கள் மூன்று நாள் கரையிலேயே இருந்தார்கள்" என்று அதில் எழுதியிருக்கிறார்.

கடிதத்தையும் சேர்க்க வேண்டாமா என்று சேரிடம் துணிந்து கேட்டேன். எங்கள் ஊர் என்றும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "பத்மன், அது மகன் அம்மாவுக்கு எழுதினது. புத்தகத்துக்கு அறிக்கை போதும். கலாஸ்" என்றார். இங்கே அரபியில் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அடுத்த மாதம் என் விசாவுக்கு அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். டைப் செய்தேன், அக்கா. ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

கஜானியிடம் சொன்னேன். "அண்ணை, நீங்கள் டைப் அடிக்காட்டி வேற ஆராவது அடிச்சுக் குடுப்பினம்" என்றாள். அது உண்மைதான். ஆனாலும் அன்றிரவே உங்கள் மனுவை எழுத உட்கார்ந்தேன்.

சண்டை முடிந்த நேரம், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் உங்கள் மகன் சுஜந்தனை பஸ்ஸில் ஏற்றியதை நீங்கள் கண்ணால் கண்டீர்கள். பெற்ற தாய் நீங்கள் பதினாறு வருடமாகக் கேட்டதற்கு, அவன் தானாக வெளிநாடு போயிருக்கலாம் என்று இப்போது அரசாங்கத்திடமிருந்து பதில் வந்திருக்கிறது. நீங்கள் கேட்ட ஆங்கில மனுவை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பஸ்ஸின் நிறம், அவனுடைய நீலச் சேட்டு, நீங்கள் ஜன்னலால் கொடுத்த பிஸ்கட் பக்கெட், எதையும் விடவில்லை. அதை யாராவது வாசிப்பார்களா என்று கேட்காதீர்கள். இங்கிருந்துகொண்டு வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மற்றத் தாய்மாரோடு போராட்டப் பந்தலில் இருக்கும்போது தண்ணீர் குடியுங்கள். ஒன்றை மட்டும் காலில் விழுந்து கேட்கிறேன். விளங்காத மொழியில் யார் தாளை நீட்டினாலும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், நான் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
பத்மநாதன்