பொருட்காட்சியில் என்னைப் பார்க்க வந்தவர்கள்

இன்று காலை அம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு, உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பம்பாய் கேலரிக்காரர்கள் பெங்களூர்ப் பொருட்காட்சியில் போட்ட ஸ்டாலில் நம் இருவருக்கும் வேலை கிடைத்ததே, அங்கே கிரீச்சிட்ட தகரச் சிற்பத்துக்கு நீ தினமும் விட்டதும் இதே எண்ணெய்தான்.

எங்கள் வீட்டின் முதல் பி.ஏ. நான். படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை அது. ஒரு பக்கம் ஊதுபத்திக் கடை, மறுபக்கம் பிரஷர் குக்கர் கடை. நடுவில் நம்முடையது. மோட்டாரில் மெல்லச் சுழலும் தகடுகள், கம்பியில் ஆடும் வட்டங்கள். சுவரில் கியூபிசத்தின் வழியில் பின்னால் வந்தவர்களின் ஓவியங்கள். ஒரே முகம் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் சேர்ந்தே தெரியும். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ஏனப்பா இது, சைக்கிள் ரிப்பேர் அங்கடியா?" என்று கன்னடத்தில் சிரித்துவிட்டுக் குக்கர் பார்க்கப் போய்விடுவார்கள். உனக்கு அது வலிக்கும். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு மாடியில் நீயும் படம் வரைந்துகொண்டிருந்தாய் அல்லவா? விளக்கம் சொல்வது உன் வேலை, அச்சடித்த தாளை நீட்டுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவே பேசும். ஏற்கெனவே இரண்டு இடம் அப்படிப் போயிருந்தது. அதனால் பொருட்காட்சி. "தற்செயலா வர்ற மாதிரி வருவாங்க. நீயும் தெரியாத மாதிரி நில்லு. இந்த எடமாவது அமையணும்" என்றாள் அம்மா. எனக்கும் அமைந்துவிட்டால் போதும் என்றிருந்தது. இன்னொரு முறை அம்மா தாங்கமாட்டாள். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

மாப்பிள்ளையும் அவருடைய அத்தையும் வந்தார்கள். அம்மா ஊதுபத்திக் கடையில் விலை கேட்பதுபோல் நின்றாள். நீ ஆர்வமாக முன்னால் வர, அத்தை கையமர்த்தினாள். "நீ இரும்மா. இந்தப் பொண்ணு சொல்லட்டும். ஏம்மா, இதுல மூக்கு ஏன் கன்னத்துல இருக்கு?"

"ஒருத்தரைச் சுத்தி வந்து பாத்தா எப்படியெல்லாம் தெரியுமோ, அதெல்லாத்தையும் ஒரே படத்துல வச்சிருக்காங்க" என்றேன். அத்தை தலையாட்டிக்கொண்டே என்னைச் சுற்றி வந்தாள். பின்னல் சொந்த முடியா, சவுரியா என்று பார்த்தாள். "அந்தக் கடைசிப் படம் என்னாது? கொஞ்சம் நடந்து போய்க் காட்டேன்."

நடந்தேன். கால் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்பது தெரிந்தேதான் நடந்தேன். காது மடல் சுட்டது. பேச்சை நிறுத்தினால் அந்தப் பார்வை மட்டும்தான் மிஞ்சும் என்று பயந்து, ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை சுழலும் தகட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அவர்கள் போனதும் நீ என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாய். "பாத்தியாடி! அரை மணி நேரம்! நம்ம பெங்களூர்லயும் ரசிக்கறவங்க இருக்காங்கடி. ஓனருக்கு இன்னிக்கே லெட்டர் போடறேன்." உன் சந்தோஷத்தின் முன்னால் நிற்க முடியாமல், எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலம் வேண்டாம் என்று பதில் வந்தது. என் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு நீ ஸ்டாலுக்குப் பின்னால் இழுத்துப் போனாய். அந்த அத்தை யார் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் முகம் சுருங்கிப்போயிற்று. போட்டுவிட்ட கடிதம் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு தகட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாய்.

"என்ன ரீசன் சொன்னாங்க?"

"வாயாடியாம்."

"யாரு, நீயா?" துடைத்த துணி கீழே விழுந்தது. "மூணு வருஷம் பக்கத்து பெஞ்சுடி! பேனா வேணும்னாகூட வாயைத் தெறக்காம கையைத்தான் நீட்டுவே. உன்னையா? ஜீசஸ்!" நீ சிரித்த சிரிப்பில் குக்கர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "அவங்க கேக்கலைன்னா போகட்டும். நான் கேட்டேன்ல. நல்லா பேசினேடி."

காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் இப்போது பெண்கள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வகுப்பு முழுவதும் என்னைப் பார்க்கும்போது இன்றும் காது சுடுகிறது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். பிறகு எப்படியோ பேசத் தொடங்கிவிடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை லால்பாக் தோட்டத்தில் இன்னொரு குடும்பம் தற்செயலாக வரப்போகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். இதை உனக்கு எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்த முறையும் சொல்லியிருக்கமாட்டேனோ என்னவோ. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கதை அளக்காதே" என்றாள் அம்மா. தலையாட்டினேன். ஆனால் அவர்களில் யாராவது ஒரு செடியைக் காட்டி, இது என்னம்மா என்று கேட்டுவிட்டால், எனக்கு இனி நிறுத்தத் தெரியாது.