வேப்பமரத்தடியில் ஒரு பூனைக் கதை

அன்புள்ள மதினி,

இன்று காலை உங்கள் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசமும் நீங்கள் பூசும் சந்தனப் பவுடர் வாசமும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. ஹரிணி உங்கள் மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கேட்டிருக்கிறாள். நாளை அவள் பள்ளியில் ஆண்டு விழா. இந்த வருடம் மாணவர் தலைவி அவள்தான், வரவேற்புரையும் அவளுடையதுதான். வீடியோ அழைப்பில் வந்து, அத்தை சேலைதான் வேண்டும் என்று கையாலேயே அடம்பிடித்தாள்.

நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் இந்தச் சேதி துறைமுகம் வரை போயிருக்கும். உங்கள் குரல் அப்படி. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, மளிகைக் கடையை உங்கள் தம்பியோடு சேர்ந்து தூக்கி நிறுத்தியவர் நீங்கள். கல்லாவில் இருந்தபடி நீங்கள் கூப்பிட்டால் தெருமுனை ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரலுக்கும் திரும்பாத ஒரே ஆள் எனக்கும் உங்கள் தம்பிக்கும் மகளாகப் பிறந்தாள்.

காதில் மிஷின் மாட்டி, மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் உட்கார வைத்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்றார்கள். நம்பினோம். மிஷின் வழியாக அவளுக்கு இரைச்சல்தான் கேட்டது. ஆனாலும் வகுப்பில் அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல எழுதிக்கொண்டு வருவாள். கையெழுத்துக்குப் பரிசுகூட வாங்கினாள். மற்ற நேரமெல்லாம் கடைசி பெஞ்சில், தன் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளாம்.

நான்காம் வகுப்பில் ஒருநாள் சாயங்காலம், அவள் நோட்டைக் கடையில் வைத்துப் புரட்டினீர்கள். ஒரு பக்கம் முழுக்க ‘உப்பு’ என்று எழுதியிருந்தாள். முத்து முத்தான எழுத்து. நீங்கள் சாக்கிலிருந்து கல்லுப்பை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்து, நோட்டைக் காட்டி, இது எங்கே என்று சைகையில் கேட்டீர்கள். அவள் ஒரு கல்லை வாயில் போட்டுச் சிரித்தாள். பிறகு பென்சிலை எடுத்து அந்தச் சொல்லையே இன்னொரு முறை அழகாக எழுதிக் காட்டினாள். ஊரைச் சுற்றி உப்பளம். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை.

“ஏளா, இவ எழுதலளா... கோலம் போடுதா” என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

காது கேளாதோர் பள்ளியைப் பற்றி விசாரித்து வந்தது நான். விடுதியில் விட வேண்டும் என்றதும் உங்கள் தம்பி ஒரேயடியாக மறுத்தார். “சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?” என்றார்.

“சொந்தக்காரனா வந்து இவளுக்குப் பாடம் சொல்லித் தரப் போறான்? சும்மா கெடலே” என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

விட்டுவிட்டு வந்த நாளில் அவள் விடுதி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “திரும்பிப் பாக்காத, நட” என்று என் கையை இழுத்துக்கொண்டே நீங்கள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த மாதம் முழுக்க வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீங்கள் எழுந்து கடைக்குப் போய்விடுவீர்கள்.

அடுத்த மாதம் பார்க்கப் போனோம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹரிணி. கை பறக்கிறது, புருவம் ஏறி இறங்குகிறது, இடுப்பில் கைவைத்து யாரையோ விரட்டுகிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நாம் வந்ததை அவள் கவனிக்கவேயில்லை.

“என்ன சொல்லுதா?” என்று விடுதிக்காரப் பெண்ணிடம் கேட்டீர்கள்.

“அவங்க கடையில கருவாடு தின்ன வந்த பூனைய ஒரு அத்தை தொடப்பத்த எடுத்துத் தொரத்துன கதையாம்” என்ற அந்தப் பெண், உங்களைப் பார்த்துவிட்டு, “அது நீங்கதானா?” என்று சிரித்தாள்.

நீங்களும் சிரித்தீர்கள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதீர்கள். “இம்புட்டுக் கதையையும் உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்காளே. நமக்குத்தாம்ளா அவ பாஷ தெரியல.”

அந்த லீவிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அவள்தான் வாத்தியார். விரல் தப்பாக மடங்கினால் உங்கள் கையில் அடித்துத் திருத்துவாள். பருப்புக்கு, சீனிக்கு, உப்புக்கு என்று கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் கையால் பெயர் கற்றீர்கள். நானும் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டேன். உங்கள் தம்பிக்கு மட்டும் இன்றுவரை விரல் வளையவில்லை. பரீட்சை எப்படி என்று கேட்க நினைத்து மீனைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறார்; அவள் ஃபோனைக் கீழே போட்டுச் சிரிக்கிறாள்.

இப்போது ப்ளஸ் டூ. கணக்கில் முதலாவதாக வருகிறாள். புதிதாக வந்து அழுகிற சின்னப் பிள்ளைகளை அவளிடம்தான் விடுகிறார்களாம். கல்லூரிக்கு வெளியூர் போவேன் என்று என்னோடு சண்டை போடுகிறாள். கை வலிக்கும்வரை சண்டை போடுகிறோம்.

போன ஐப்பசி மழையில் நீங்கள் போனபோது, அவள் வந்து சேர்ந்தது எல்லோருக்கும் கடைசியில். அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிவிட்டு உங்கள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். பிறகு கையை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். யாரோ தடுக்கப் போனார்கள்; உங்கள் தம்பி விடவில்லை. என்ன சொன்னாள் தெரியுமா மதினி? அந்த வாரம் விடுதியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். யார் யாரோடு சண்டை, என்ன சாப்பாடு, எந்த டீச்சர் திட்டினார் என்று, லீவுக்கு வரும்போதெல்லாம் உங்களிடம் சொல்வாளே, அப்படியே. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.

காது கேளாதவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். உங்களுக்கு அவள் வைத்த பெயர், கன்னத்தில் விரலை வைத்து லேசாகத் திருகுவது. நீங்கள் சிரித்தால் அங்கே விழும் குழிதான் அது. அந்தக் கன்னக்குழி எங்கள் யார் கண்ணிலும் அதற்கு முன் பட்டதில்லை. உங்கள் குரலைக் கேட்டபடியே இருந்துவிட்டோம் போலிருக்கிறது.

கல்லாவில் இப்போது நான் உட்காருகிறேன். பழைய வாடிக்கைக்காரர் யாராவது, “அக்கா இருந்தா இப்படியா இருக்கும்?” என்று உங்கள் பேச்சை எடுத்தால், வாய் திறக்குமுன் விரல் கன்னத்துக்குப் போய்விடுகிறது.