படுக்கையறைக்கு ஒரு கதவு

மார்ச் 3

அன்புள்ள குண்டுமணிக்கு,

நான் நலம். நீயும் உன் அக்காவும் நலந்தானே? அங்கே போனதிலிருந்து ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. போகட்டும்.

நமக்கென்று நானே வரைந்து கட்டிய இந்த வீட்டை வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். நாயாய் அலைந்து அந்த அறிவிப்பை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உள்ளே ஒரு கதவுகூட இல்லையே என்று வாயைப் பிளக்கிறார்கள். நீ பக்கத்தில் இல்லாததுதான் குறை. உனக்கு என்ன வேண்டும், சொல். செய்கிறேன். வந்துவிடு.

உன்னவன்

மார்ச் 19

அத்தானுக்கு,

சந்தோஷம். அக்காவுக்கு முட்டிவலி. மற்றபடி நலம்.

கேட்டதையேதான் கேட்கிறேன். படுக்கையறைக்கு ஒரு கதவு. நம் பிள்ளை இறந்த வாரத்தில் நான் சுருண்டு கிடந்து அழுதேன். வீடு பார்க்க வந்த உங்கள் கட்டடக்கலை மாணவர்கள் மாடிப்படியில் நின்று பார்த்தார்கள். நீங்கள் அவர்களுக்கு ஜன்னலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தீர்கள். சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். அதன்பிறகு எனக்கு அழுகையே வரவில்லை.

கதவு போட்டால் வருகிறேன்.

குண்டுமணி

ஏப்ரல் 8

குண்டுமணி,

கடிதம் கிடைத்த மறுநாளே தச்சரைக் கூப்பிட்டேன். அளவெடுத்துவிட்டு, “இத அப்பவே செஞ்சிருக்கலாமே சார்” என்றார். கதவு நிலையை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் சின்னத்துறை அதிகாரி வந்து நிறுத்திவிட்டார்.

“கதவே இல்லாத வீடுன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க? அதுக்காகத்தானே சின்னமாக்கினோம். இனிமே ஆணி அடிக்கக்கூட எங்களக் கேக்கணும்.”

கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு திரை மட்டும் தொங்கவிடலாம் என்றார். கனமான துணியாக நீயே பார்த்து எடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றி வைக்க வேண்டுமாம். வருகிறாய்தானே?

உன்னவன்

மே 2

அத்தானுக்கு,

திரை விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். “அப்ப ஞாயித்துக்கிழமை நீ எங்கடி போவ?” என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

உங்கள்மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போடவாவது கிளம்பி வந்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சளி பிடித்தால் கஷாயம் குடியுங்கள், அலட்சியம் வேண்டாம். வீடு பார்க்க வருகிறவர்கள் உங்கள் மனைவி எங்கே என்று கேட்டால், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லாதீர்கள். இங்கே இருப்பதில்லை என்று சொல்லுங்கள்.

பிள்ளையின் அம்மா