ஆம்ப்புக்குள்ள ஒரு பேரு

ரூத்து,

நெத்திலிக் கொழம்பு அடுப்பு மேல கீது, சுட வெச்சுக்கோ.

நேத்து சண்டையில நீ சொன்னதுதான் சரி, பல்பு மாதிரி கீற அந்த வால்வுதான் தப்பு. அந்தப் பழைய கிடார் ஆம்ப்புப் பொட்டியை இன்னிக்கு முழுசா கழட்டிப் பாத்தேன். உள்ள ஒட்டின தாள்ல போட்டிருக்கற வால்வு வேற, எவனோ சொருகினது வேற. சரியானதை வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறேன்.

வால்யூம் திருகுல குத்தின நம்பர்படி ஆம்ப்பு 1964-ல செஞ்சது. பக்கத்துலயே ஒரு டேப்புல பென்சிலால ‘டெரசா’ன்னு கீது. அப்போ ஃபாக்டரில இதுக்கு ஈயம் உருக்கி சால்டர் வெச்ச பொம்பள எழுதினதாதான் இருக்கும். அறுவது வருஷமா அழியல, ரூத்து. பாத்துக்கினே உக்காந்துட்டேன்.

நீயும் கம்பெனில இத்தினி வருஷமா போர்டு சால்டர் பண்றே. ஒண்ணுலகூட உன் பேரு கிடையாதே.

உள்ள கை வெக்காதே. பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும்.

நோயல்

மறந்துட்டேன்: இந்த ஆம்ப்புல அறுந்த ஒயரை நேத்து திட்டிக்கினே சால்டர் வெச்சது நீதானே. டேப்பும் பென்சிலும் ஆம்ப்பு மேல வெச்சிருக்கேன். உன் பேர எழுது. டெரசா பக்கத்துல ஒட்டிட்டுதான் மூடுவேன்.