மதலேனுக்குக் கடல் காட்டியவர்

மாசி 4, செவ்வாய்

வாடைக் காற்று அடங்கிவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியது போல.

கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இதை நான் மட்டும்தான் வாசிக்கப் போகிறேன். ஆனாலும் வெட்கமாக இருக்கிறது. எழுத்துகள் கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. கயிறு பிடித்துத் தடித்த விரல். பேனா அதற்குள் ஈர்க்குத்துண்டு. ஒரு வரி முடிய ஒரு சுருட்டும் முடிகிறது.

மாலை வகுப்பு நடத்தும் சிஸ்ரர் சொன்னார், "ஒவ்வொரு நாளும் நாலு வரி எழுதுங்கோ ஐயா. கை தன்ரை பாட்டிலை வரும்." நாலு வரி தாண்டிவிட்டேன்!

மனைவியின் பெயர் மதலேன். எழுத நீளம். இனி ம.

ம. ஐந்தாம் வகுப்பு படித்தவள். கலியாணம் கட்டிய நாள் முதல் கடிதம், கந்தோர்க் கடதாசி, மருந்துப் போத்தல், எல்லாம் அவள் வாசிக்க நான் கேட்டேன். இப்போது நானும் வாசிப்பேன். நினைத்தால் தனியே சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை கோயில் முதியோர் சங்கத்தின் ஒருநாள் சுற்றுலா. காலையில் மாந்தைப் பழைய துறைமுகம், பிறகு மன்னார்க் கோட்டை, பின்னேரம் தலைமன்னாரில் படகேறி மணல் திட்டுகள். வழிகாட்டியும் உண்டாம். ம. என்னைக் கேளாமலே இரண்டு பெயரும் கொடுத்துவிட்டாள். எனக்குக் கடல் காட்ட ஒரு வழிகாட்டி!

ஆனால் போவேன். கோட்டை வாசலில் தமிழில் எழுதிய பலகை ஒன்று இருக்கிறதாம். அதை ம.வுக்கு நான் உரத்து வாசிக்கப் போகிறேன். அவளுக்குச் சொல்லவில்லை.

மாசி 6, வியாழன்

வெயில். சுருட்டு, தேயிலை, பற்றறி வாங்க வேண்டும்.

கடைத்தெருப் பலகைகளில் பழகினேன். "மெதுவாகச் செல்லவும்." "இங்கே குப்பை போடாதீர்." போட்டிருந்தார்கள்.

ம. பெருநாளுக்கு மட்டும் உடுக்கும் நீலச் சேலையை எடுத்து வெயில் காட்டினாள். ஒரு பஸ் பயணத்துக்கு நீலச் சேலை.

வழிகாட்டியின் விபரம் சூசை கொண்டுவந்தான். சூசை அடுத்த வீடு, என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன், வாய் சும்மா இராது. வழிகாட்டி விடத்தல்தீவு ஆளாம். பெயர் பஸ்தியான். முந்தி பள்ளிக்கூட மாஸ்ரர், இப்போது ஓய்வு. மனைவி தவறிவிட்டாவாம்.

"பாவம்" என்றாள் ம.

"ஏன் பாவம்?"

"மனுசி இல்லாத மனுசன் பாவம்தானே."

நான் எழும்பிப்போய் நங்கூரக் கயிற்றைப் பார்த்தேன். கயிற்றுக்கு ஒன்றுமில்லை.

மாசி 8, சனி

வந்து சேர்ந்தாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

வழிகாட்டிக்கு முழுப் பெயர் தேவையில்லை. ப. போதும்.

ப. உயரம். தலைமயிர் முழுவதும் இருக்கிறது. வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஒலிவாங்கி. பஸ்சில் ஏறியதும் ஒவ்வொரு கதிரையாக வந்து பெயர் கேட்டார். ம.விடம் வந்து, "மதலேன் அக்காவோ? நல்ல பேர்" என்றார். இத்தனை வருடமும் அது நல்ல பெயர் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியும் நல்ல பெயர் என்று. சொல்லத் தோன்றவில்லை.

பாலம் தாண்டி மாந்தை. துறைமுகம் என்றார். நான் பார்த்தேன். மண்மேடு, புல்லு, இரண்டு மாடு. ஒரு தோணிகூட இல்லை. ஆனால் ப. பேசத் தொடங்கியதும் எல்லாருக்கும் கப்பல் தெரிந்துவிட்டது. அரபிக் கப்பல் அந்தப் பக்கத்தால், சீனக் கப்பல் இந்தப் பக்கத்தால், முத்து ஏற்றி, யானை ஏற்றி. ம.வின் வாய் திறந்தபடி. நான் தொழிலால் வந்து கதை சொன்னால் மீனை அரிந்துகொண்டே "ம், ம்" என்பாள். இங்கே "ம்" கூட இல்லை. அப்படிக் கேட்டாள்.

பிறகு ப. சட்டைப்பையிலிருந்து நெருப்புப்பெட்டி எடுத்தார். உள்ளே பஞ்சில் ஒரு கண்ணாடி மணி. அரிசி அளவு, நீலம். அந்தக் காலத்தில் இப்படியான மணிகள் கப்பலில் வந்தனவாம்.

"கையிலை வைச்சுப் பாருங்கோ அக்கா. உங்கடை சேலை நிறம்."

வேறு நீலச் சேலை இல்லையா பஸ்சில்? இருந்தது. சூசையின் மனைவி றீற்றாவும் நீலம்தான். அவளிடம் கொடுக்கவில்லை.

கோட்டை. பலகையைத் தூரத்திலேயே கண்டுவிட்டேன். ம.வின் கையைத் தட்டி, "நில், வாசிக்கிறன்" என்றேன். தொண்டையைச் சரிசெய்து முதல் வரி வாசித்தேன், பிழையில்லாமல். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நான் ஒரு நீளச் சொல்லுக்குள் நிற்கும்போது ஒலிவாங்கி கத்தியது. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு வெள்ளைக்காரன். பலகையில் இருந்தது, இல்லாதது எல்லாம் ஒரே மூச்சில். ம. தலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

நான் நின்று மிச்சத்தையும் வாசித்தேன். எனக்கு மட்டும். பஸ் கோர்ண் அடித்தது.

கை நோகிறது. படகுக் கதை நாளைக்கு. அது இதைவிட மோசம்.

மாசி 9, ஞாயிறு

பூசை. பிறகு புட்டு, திருக்கைக் கறி. எழுதத்தான் வேண்டும்.

எங்கள் கரையில் பெண்கள் மீன்பிடி வள்ளத்தில் ஏறுவதில்லை. ஏறினால் வலையில் மீன் படாது என்பார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை, யாரும் மீறியதும் இல்லை. வலை பொத்துவார்கள், மீன் விற்பார்கள், கருவாடு போடுவார்கள். வள்ளத்தின் விளிம்புக்கு இந்தப் பக்கம் மட்டும். சண்டைக் காலத்தில் ஊரில் பலர் கடலால் இந்தியாவுக்குப் போனபோதும் நாங்கள் தரையால் மடுக் கோயிலுக்குப் போனோம். ஆகவே ம. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து கிழவியாகி, கடலில் ஒரு நாளும் போனதில்லை.

தலைமன்னாரில் படகு நின்றது. பச்சை நிறம், மேலே துணிக் கூரை, இருக்க வாங்குகள். பக்கத்தில் பெரிய எழுத்தில் "சுற்றுலாப் படகு". அதையும் வாசித்தேன். எல்லாருக்கும் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். ம. சேலையைத் தூக்கிப் பிடித்துக் காலை எடுத்தாள்.

நான் கத்திவிட்டேன்.

"காலை வையாதை! வள்ளமடி!"

ஏன் என்று கேட்டால் தெரியாது. வாய் தானாகத் திறந்தது. பெண்ணின் கால் வள்ளத்துக்கு மேலே வருவதை என் கண் முதல்முறை கண்டது, வாய் கத்திவிட்டது. சங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ம. ஒற்றைக் காலில் நின்றாள்.

சூசை தொடங்கினான். "டேய் சந்தியோகு! இதிலை வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. இண்டைக்குப் பிடிபட்ட மீன் நாங்கள்தான்ரா!"

எல்லாரும் சிரிப்பு. படகுக்காரனும்.

ப. முன்னுக்கு வந்தார். "ஐயா பயப்பிடாதேங்கோ. அக்காவை நான் ஏத்திறன்." கையை நீட்டினார். ம. அந்தக் கையைப் பிடித்து ஏறினாள்.

ஏறிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் என்றால் பரவாயில்லை. கோபம் இல்லை.

அவள் அணியத்தில், படகின் மூக்கில், ப.வுக்குப் பக்கத்தில். நான் பின்னால் இயந்திரத்தோடு, புகைக்குள். மணல் திட்டு ஒவ்வொன்றாக வந்தது. பறவைகள். தண்ணீர் ஒரு இடம் பச்சை, ஒரு இடம் நீலம். எனக்குப் புதிது இல்லை. அவளுடைய பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

திடீரென்று ப. எழும்பி விரலை நீட்டினார். "அங்கை! ஓங்கில்! ஓங்கில்!"

ஆறேழு ஓங்கில்கள், இங்கிலீசில் டொல்பின். பாய்ந்து, முதுகைக் காட்டி, மறுபடி தண்ணீருக்குள். ம. கத்தினாள். அப்படிக் கத்தியதை நான் கேட்டதே இல்லை, மகன் பிறந்தபோதும் இல்லை. கையைத் தட்டினாள். சின்னப் பிள்ளை மாதிரித் திரும்பி, பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினாள்.

அந்தத் தோள் என்னுடையது இல்லை.

மாசி 11, செவ்வாய்

மப்பு. மழை வரவில்லை.

ஓங்கில் கதை தெருவில் ஏழெட்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு வீட்டிலும் "மாஸ்ரர் காட்டினவர்." பால்காரனுக்கும் "மாஸ்ரர் காட்டினவர்." நீலச் சேலை இன்னும் தோய்க்கவில்லை. கதிரையில் போட்டிருக்கிறாள். கடல் மணம் இருக்கிறதாம். இந்த வீட்டில் எந்த நாள் கடல் மணம் இல்லை?

பொறுக்க முடியவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஓங்கிலைப் பற்றி நான் உனக்கு எத்தினை தரம் சொன்னனான்? பாயுறது, வள்ளத்தோடை கூட வாறது, எல்லாம் சொன்னனானோ இல்லையோ?"

"ஓம், சொன்னனீங்கள்."

"பிறகென்ன?"

"காட்டேல்லை."

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

மாசி 12, புதன்

வள்ளம் இப்போது மகன் அன்ரனுடையது. சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊரில் தொழிலுக்குப் போவதில்லை, அடுத்த நாள் பூசை. அதனால் வள்ளம் சும்மா நிற்கும். அவனிடம் கேட்டேன்.

"ஆரை ஏத்த?"

"கொம்மாவை."

வலை பொத்திக்கொண்டிருந்தவன் ஊசியை வைத்துவிட்டான். "அப்பா, உங்களுக்கு விசரோ? திங்கக்கிழமை மீன் படாட்டி மற்றப் பெடியளுக்கு நான் என்ன சொல்லுறது?"

"படும்."

"நீங்கள்தானே எனக்குச் சொல்லித்தந்தனீங்கள், ஏத்தக்கூடாதெண்டு."

ம.விடம் போனேன். அவள் அவனைவிட மோசம்.

"மகன்ரை வள்ளத்திலையோ? நான் வரமாட்டன். பேரப்பிள்ளையளின்ரை சாப்பாடு அது."

"பஸ்தியான்ரை படகிலை ஏறினனீதானே?"

"அது சுற்றுலாப் படகு. மீன் பிடிக்கிற வள்ளமில்லை. அதிலை என்ன குற்றம்?"

சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தாள். நான் அங்கேயே நின்றேன். அது மீன் பிடிக்கிற வள்ளம் இல்லை. சரி.

மாசி 14, வெள்ளி

சிலுவைப்பாதை. பிறகு வேலை.

பழைய மீன்பெட்டிப் பலகை ஒன்று. மிச்சம் இருந்த சிவப்புப் பெயின்ற். அன்ரனின் தூரிகை, தலைமயிர் கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து எழுதினேன். கடதாசியில் எழுதுவதைவிடக் கடினம், பெயின்ற் வழிகிறது. கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. கீழே வைத்தேன்.

சூசை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என்ன, கடை போடப்போறியோ?"

"போடா."

மாசி 15, சனி

காலையில் ம. நீலச் சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். ஏன் இன்றைக்கு என்று கேட்கவில்லை.

நான் கரைக்குப் போய் வள்ளத்திலிருந்து எல்லாம் இறக்கினேன். வலை, பெட்டி, தூண்டில், ஐஸ், கத்தி. அடி முழுவதும் தேய்த்துக் கழுவினேன். அன்ரன் வந்து பார்த்தான். அவனும் ஒரு வாளி ஊற்றினான். பிறகு அணியத்தில் பலகையைக் கட்டினேன். சுற்றுலாப் படகு.

பின்னேரம் ம.வைக் கூட்டிவந்தேன். அவள் பலகையை வாசித்தாள். மணலில் குந்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர.

"கடைசி எழுத்து தண்ணிக்குள்ளை விழப்போகுது."

"நீச்சல் தெரியும் அதுக்கு."

எழும்பி வள்ளத்தைச் சுற்றி நடந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "வலை எங்கை?"

"இல்லை. இது மீன் பிடிக்கிற வள்ளமில்லை."

"மீன் மணக்குதே."

"முந்தின பயணியள் மணந்திருப்பினம்."

அன்ரனைப் பார்த்தாள். "நீ என்னடா சொல்லுறாய்?"

அவன் தலையைச் சொறிந்தான். "பலகை போட்டிருக்கே, அம்மா. நான் என்ன சொல்ல?"

"வழிகாட்டி ஆர்?"

"நான்தான்" என்றேன்.

"அப்ப கையைத் தாங்கோ."

கொடுத்தேன். சிலுவை அடையாளம் போட்டு, வலது காலை எடுத்து வைத்தாள், கலியாணத்தன்று எங்கள் வீட்டுக்குள் வைத்த மாதிரி. என் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அணியத்தில் இருத்தினேன். கொஞ்சத் தூரம்தான், கரை மறையாத அளவு. ப. எல்லாருக்கும் வெளிக்கடலைக் காட்டினார். நான் வள்ளத்தைத் திருப்பி, கரையைப் பார்க்கவைத்தேன்.

கோயில் முகப்பு. பனைகள். கூரைகள். சூசையின் வேலி.

"எங்கடை வீடு எது?"

"நீலம் தெரியுதே, கொடியிலை?"

பார்த்தாள். "அட. என்ரை சேலை."

"தொழிலாலை வரேக்கை நான் முதல் பாக்கிறது அந்தக் கொடியைத்தான். கோயில் பிறகு. கொடியிலை துணி கிடந்தால் நீ சுகமாய் இருக்கிறாய் எண்டு நினைப்பன்."

ம. கண்ணுக்கு மேலே கை வைத்துக் கொடியையே பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தியிருந்தேன். வள்ளம் தன் பாட்டில் ஆடியது.

"இதை மட்டும் நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை" என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்து, திரும்பி, பெரிய பயணி மாதிரிக் குரலை மாற்றிக் கேட்டாள். "அதுசரி, ஓங்கில் எங்கை, வழிகாட்டி?"

நாலு பக்கமும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ப.வுக்கு ஆறேழு. எனக்கு ஒன்றுகூட இல்லை.

"இண்டைக்கு அதுகளுக்கும் லீவு. வாற சனிக்கிழமை வரும்."

கரையில் றீற்றா இடுப்பில் கை வைத்து நின்றாள். எங்கள் வள்ளத்தைக் காட்டிச் சூசையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பலகையை இரவல் தருவாயா என்று கேட்டால் கொடுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மீன் பட வேண்டும், அந்தோனியாரே. பட்டால் வாற சனியும் போவோம். ஓங்கில் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு இங்கே எழுதுவேன், முழுப் பெயரும் போட்டு. மதலேன்.