லாக் நட்டின் மேல் சிவப்புக் கோடு

பேரோவோ
4 செப்டம்பர் 2006

அன்புள்ள தோன்கா,

போனில் பேசினால் இனிக்க இனிக்கப் பேசி உன்னை ஏமாற்றிவிடுவேன், எதுவானாலும் காகிதத்தில் எழுது என்று நீ சொல்லி ஏழு வருடம் ஆகிறது. சொன்னபடி கேட்கிறேன், பார்.

ஸ்தோயானின் பஸ்ஸில் இரண்டு டயர் அனுப்பியிருக்கிறேன். ஒன்றின் நடுவே துணியில் சுற்றி நம்மூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இருக்கிறது. வெயில் படுவதற்குள் எடுத்துவிடு. "எல்லாரும் பொண்டாட்டிக்குப் பூ அனுப்புவாங்க, நீ என்னடான்னா தேஞ்ச டயர் அனுப்புற" என்று ஸ்தோயான் கேலி செய்தான். அவளுக்குப் பூவைவிட டயர்தான் பிடிக்கும் என்று சொல்லிவைத்தேன்.

விஷயம் இதுதான். கொட்டகையில் தூங்கிக் கிடந்த இரண்டாவது யூகோ காரை எழுப்பியிருக்கிறேன். வயதான காலத்தில் ஒரு ஆசை, மலைச்சாலையில் நாலு தடவை ஏறி இறங்கினேன். முன் டயர் இரண்டும் கோணல்மாணலாகத் தேய்ந்துவிட்டன. நம்மூர் ரோடு லட்சணம் உனக்குத் தெரியும், எல்லாம் பள்ளம். உன் கடையில் பந்தய டயர் கிடைக்குமே, அந்தப் பாதி மொட்டை, பட்டன் குறைந்த ரகம். முன்னால் மாட்ட இரண்டு போதும். கொஞ்சம் கடினமான ரகமாகப் பார்த்து அனுப்பு. நாள்பட உழைக்கட்டும், வேகமும் குறைவாகவே இருக்கும், பத்திரம். அலைன்மென்ட் அளவு என்ன வைக்கலாம் என்றும் எழுது.

நம் பெண் நெவேனா நலம். மருந்துக்கடை வேலை, வீடு என்று இருக்கிறாள்.

உன்
கிளிகோர்


பித்தோலா
7 செப்டம்பர் 2006

கிளிகோர்,

பாலாடைக்கட்டி வந்தது. நன்றாக இருந்தது. அதோடு நல்ல செய்தி முடிந்தது.

டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் இடது, வலது என்று எழுதி அனுப்பும் பழக்கத்தை நீ விடவில்லை. விட்டிருந்தால் தப்பித்திருப்பாய். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் இரண்டையும் மேசைமேல் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாடு ஆறிப்போயிற்று, நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டிலும் உள்விளிம்பு போய்விட்டது. இடது டயரில் நூல் தெரிகிறது. உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழ, வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பம். இது பள்ளத்தில் விழுந்த தேய்மானம் இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. அது வண்டியின் குற்றம். அதை விடு.

இரண்டிலும் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. பயத்தில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நீ ஓட்டி நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட நீ சக்கரத்தைப் பூட்டியதில்லை.

இடது டயரின் வெளித்தோள் நன்றாக உரசியிருக்கிறது. அப்படியென்றால் வலப்பக்க வளைவுகளில் அந்த ஆள் துணிந்து விழுகிறார். வலது டயரின் வெளித்தோள் புதுசுபோல இருக்கிறது. இடப்பக்க வளைவு வந்தால் அதே ஆள் நடுங்கிப்போய் ஊர்ந்து போகிறார். ஓரோவ் மலையில் என் தம்பி பிளாகோய் விழுந்தது இடப்பக்க வளைவு. தன் மாமா செத்த இடத்தைப் பார்த்து நடுங்குகிற ஆள் நம் வீட்டில் யார்?

ஞாயிற்றுக்கிழமை போனில் நெவேனாவிடம் "என்ன பண்ற?" என்று கேட்டேன். "சும்மாதாம்மா இருக்கேன்" என்றாள். நீ சொல். யார் ஓட்டுகிறார்கள்?

தோன்கா


பேரோவோ
10 செப்டம்பர் 2006

அன்புள்ள தோன்கா,

இரண்டு டயரை வைத்து இத்தனை படிப்பாய் என்று தெரிந்தும் அனுப்பினேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் அனுப்பினேனோ என்னவோ.

நெவேனாதான். ஏப்ரலிலிருந்து ஓட்டுகிறாள். முதலில் முடியவே முடியாது என்றேன். "நீங்க கத்துக்கொடுக்கலன்னா போங்க, வேற யார்கிட்டயாவது கத்துக்கறேன். அவங்க என்ன கத்துக்கொடுப்பாங்கன்னு யோசிச்சுக்கங்க" என்றாள். வாய் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு ஆளிடம் போவதைவிட என் கண்முன் இருக்கட்டும் என்று நினைத்தேன். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதே ஓரோவ் மலைப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டாள். பத்தொன்பது வயது, என் கையெழுத்து அவளுக்குத் தேவைப்படவில்லை.

காலையில் அவள் கீழேயிருந்து கிளம்புவாள், நான் உச்சியில் நிற்பேன். இன்ஜின் சத்தம் வளைவுக்கு வளைவு மேலே வரும். அந்த இடப்பக்க வளைவில் மலை சத்தத்தை மறைத்துவிடும், உனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பதினொன்றில் மறுபடி கேட்க வேண்டும். போன வாரம் ஒரு நாள் பதினாறு வரை போய்விட்டது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்து இறங்கி, "என்னப்பா, கல்லு பொறுக்குறீங்களா?" என்று கேட்டாள்.

இங்கே ஒரு கடையில் அலைன்மென்ட் பார்க்க லேசர் இயந்திரம் இருக்கிறது. ஆனால் ஆளில்லாத சீட்டில் அளந்து கொடுக்கிறார்கள். ஓட்டுகிறவரின் எடைக்கு மணல்மூட்டையைச் சீட்டில் வைத்து, நூல் கட்டி அளப்பது உன்னைத் தவிர யாருக்கும் வராது. நீ வந்து ஒரு தடவை அளவு வைத்துக்கொடு. கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கிளிகோர்


பித்தோலா
13 செப்டம்பர் 2006

கிளிகோர்,

வர மாட்டேன். உன் மேல் உள்ள கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, கோபம் தனியாக இருக்கிறது.

பிளாகோயின் வண்டிக்கு அளவு வைத்தது என் கை. மணல்மூட்டை வைத்து, நூல் கட்டி, இரண்டு தடவை அளந்து, சக்கரத்தைத் திருப்பும் டை ராடில் லாக் நட்டை இறுக்கி, நட்டுக்கும் ராடுக்கும் குறுக்கே என் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன். யாராவது நட்டைத் தொட்டால் கோடு உடையும். அன்று மத்தியானம் அவன் வண்டி நேராகப் போக வேண்டிய இடத்தில் தானாகத் திரும்பிப் பள்ளத்தில் விழுந்தது. வண்டியைத் தூக்கியதும் நான் உன்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "கோடு எப்படி இருக்கு?" "உடையல தோன்கா, அப்படியே இருக்கு" என்றாய். அப்படியென்றால் என் அளவுதான் தப்பு. வேறு என்ன?

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்துவிட்டேன். ரொட்டி வேன், பள்ளிக்கூட பஸ், தபால்காரர் வண்டி. ஒவ்வொன்றும் போன பிறகு ராத்திரி வரை காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன், ஏதாவது செய்தி வருமோ என்று. அந்தக் கையை என் மகள் வண்டியில் வைக்கச் சொல்கிறாயா?

டயர் விஷயம் மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கடினமான ரகம் பத்திரம் என்று யார் உனக்குச் சொன்னது? மூன்று கிலோமீட்டர் மலையில், செப்டம்பர் குளிரில், அது சூடாவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். சூடாகாத டயர் ரோட்டைப் பிடிக்காது. மென்மையான ரகம்தான் வேண்டும். இரண்டு இல்லை, நாலும் ஒரே மாதிரி, ஒரே வருடத்தில் செய்தது. முன்னால் புதுசும் பின்னால் காய்ந்துபோன பழசும் மாட்டினால் முன்பக்கம் வளைவில் திரும்பும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். பட்டன் இருக்கிறதே என்று பழசை நம்பாதே, ரப்பருக்கும் வயசாகும்.

அப்படிப்பட்ட நாலு டயர் கடையில் இருக்கிறது. எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் நூல் தெரிகிற டயரில் போவாள். அனுப்பினால் நானே அவளை அனுப்பியதாகிவிடும். நேற்று கடையில் எல்லாரும் குளிர்காலத்துக்குச் சேமித்துவைக்கக் குடைமிளகாய் சுட்டார்கள். என் பங்கு கரிந்துபோயிற்று. நான் அந்த டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளைத் தடுத்துவிடு கிளிகோர். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தோன்கா


பேரோவோ
17 செப்டம்பர் 2006

தோன்கா,

தடுத்துப் பார்த்தேன். உன் கடிதத்தையே படிக்கக் கொடுத்தேன். படித்தாள், அழுதாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அம்மா வச்சுக் கொடுக்கலன்னா லேசர் கடைல வச்சுப்பேன். அங்கயும் இல்லன்னா நீங்க வச்சுக் கொடுங்கப்பா" என்றாள்.

நீங்க வச்சுக் கொடுங்கப்பா. அதைக் கேட்ட பிறகு மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. இனிமேல் மறைக்க முடியாது.

அன்றைக்குக் காலையில் முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் பிளாகோய், "ஸ்டீயரிங் மந்தமா இருக்கு மச்சான். வளைவுல சட்டுனு திரும்ப மாட்டேங்குது. அக்காகிட்ட சொன்னா திட்டுவா, நீயே கொஞ்சம் திருப்பிவிடு" என்றான். நீ அந்த நேரம் எடை பார்க்கும் வரிசையில் பேப்பரோடு நின்றிருந்தாய். நான் அடியில் படுத்து இரண்டு டை ராடையும் அரைச் சுற்று திருப்பினேன். சக்கரங்கள் வெளியே பார்த்தால் வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் பிரேக் போட்டால் நிலைக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். நீ கண்டுபிடிக்கக் கூடாது என்று உன் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, உன் பெட்டியிலிருந்த அதே பாட்டிலை எடுத்துப் புதுக் கோடு போட்டேன்.

கோடு உடையவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. அது என் கோடு.

இன்னொன்றும் இருக்கிறது. வலது நட்டை இறுக்கியது நினைவிருக்கிறது. அப்போது ஒலிபெருக்கியில் அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். இடது நட்டை இறுக்கினேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாகப் படுத்து யோசிக்கிறேன். சில நாள் இறுக்கினேன் என்று இருக்கிறது, சில நாள் இல்லை என்று இருக்கிறது.

உன் அளவில் தப்பில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. நீ வீட்டை விட்டுப் போனபோது சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். இப்போதும் பயத்தில்தான் சொல்கிறேன். இந்தக் கை அவள் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, அவ்வளவுதான். நீ வா. என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

கிளிகோர்


பித்தோலா
20 செப்டம்பர் 2006

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நாலு டயரும் என்னோடு வருகின்றன. வண்டியைப் பஸ் நிலையத்துக்கு நெவேனா ஓட்டிவரட்டும். நீ வர வேண்டாம். கொட்டகைச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிடு.

மணல்மூட்டை தேவையில்லை. அவளையே சீட்டில் உட்காரவைத்து அளக்கப்போகிறேன். முடித்ததும் கோடு போடுவேன். என்ன நிறம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், பாட்டில் என் பையில் இருக்கும். அவளிடம், கிளம்புவதற்கு முன் குனிந்து இரண்டு நட்டையும் நீயே பார், கோடு உடைந்திருந்தாலோ நிறம் வேறாக இருந்தாலோ வண்டியில் ஏறாதே, பக்கத்தில் நிற்பது உன் அப்பாவாக இருந்தாலும் ஏறாதே என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்பாள். சொல்லத்தான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த இடப்பக்க வளைவில் நிற்பேன். நீ உச்சியில் நில்.

ஏழு வருடம் என் கையைப் பார்த்து நான் பயந்தேன் கிளிகோர். சாப்பிடும்போதுகூட. அதை நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

தோன்கா


பேரோவோ
26 செப்டம்பர் 2006

தோன்கா,

"டயர் குடுத்தா வாங்கிக்க, கடுதாசி குடுத்தா வாங்காதன்னு உன் பொண்டாட்டி சொல்லிட்டாங்க" என்றான் ஸ்தோயான். அதனால் பழைய பின் டயர் ஒன்றுக்குள் இதை ஒட்டி அனுப்புகிறேன். பிரித்துப் பார்க்கிறாயோ, குப்பையில் போடுகிறாயோ.

மூன்று மணி பஸ்ஸுக்கு உச்சிக்கு வராமலேயே போய்விட்டாய். அதனால் இதை எழுதுகிறேன். சத்தம் மறைந்ததும் எண்ணினேன். பத்தில் கேட்டுவிட்டது. அந்த வளைவில் அவள் ஊர்ந்து போகவில்லை என்பதை நீ பக்கத்திலிருந்தே பார்த்திருப்பாய். வண்டி நின்றதும் முன் டயர்களில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்விளிம்பு, நடு, வெளித்தோள் எல்லாம் ஒரே சூடு. நாலாவதாக வந்தாள். நாலாவது பற்றி அவளுக்குக் கோபம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கிளம்பும் முன் கீழே நானும் இருந்தேன், தூரத்தில்தான். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் படுத்து இரண்டு நட்டையும் பார்த்தாள். எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தாள். நான் கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து அவளுக்கு விரித்துக் காட்டினேன். அவள் இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

கிளிகோர்